இரண்டு பெஸ்ட்

செஞ்சிக் கடைத்தெருவில் பூவராகவன் செட்டியாரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய இங்கிலீஷைத் தெரியாதவர்கள் கிடையாது.

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர் அவர். இங்கிலீஷ் எழுத்துகளில் பாதியை அடையாளம் காட்டத் தெரியாது. ஆனால் பாம்புக் காது. மெட்ராஸிலிருந்து சோப்பும் தீப்பெட்டியும் கொண்டுவருகிற ஏஜெண்டுகள் வாயில் எந்த இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் விடமாட்டார். கோடு போட்ட நோட்டு ஒன்றில் தமிழ் எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு வைப்பார். அந்த நோட்டில் ‘பில்’ இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கடைச் சீட்டு, இன்னொன்று மாத்திரை. ‘டை’ மூன்று இடத்தில் இருந்தது. சாயம், சாவு, கழுத்தில் கட்டிக்கொள்கிற பட்டை. வெள்ளைக்காரனுக்கு வார்த்தைக்குப் பஞ்சம், ஒன்றையே மூன்று வேலைக்கு வைத்திருக்கிறான் என்று செட்டியார் கேலி செய்வார். உதட்டை அழுத்தி ஒரு ‘ப’, அதிர விட்டு ஒரு ‘ப’ என்று அவனிடம் இரண்டு இருக்கின்றன, நம் பேனாவில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஏறாத வரைக்கும் சந்தோஷமாக இருந்தார்.

ஒரு தடவை சோப்பு ஏஜெண்ட் வந்து உட்கார்ந்தவன், “எங்க நைனா டயட்டுங்க, சோத்தையே தொடறதில்ல” என்றான். அவனுக்குச் சர்க்கரை வியாதிக்காரத் தகப்பனார். செட்டியார் காதில் ‘டை’ என்ற முதல் பாதிதான் விழுந்தது. மேல் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “எப்ப எடுத்தாங்க? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கடைத்தெருவே அவரைப் பார்த்து, “எப்ப எடுத்தாங்க செட்டியாரே?” என்று கேட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்வதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனுஷர்தான்.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த அறுபத்தாறாம் வருஷம் அது. கோதுமையும் மைதாவும்தான் தாராளமாகக் கிடைத்தன. கடைவீதிச் சுவர்களில் முந்தின வருஷம் தாரால் எழுதிய ‘தமிழ் வாழ்க’ இன்னும் அழியவில்லை. அதற்கு நேர் எதிரே இருந்த தன் கடையில் செட்டியார் டின்களுக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் வைத்திருந்தார், தமிழ் எழுத்தில். மட்டமான மைதா இருந்த டின்னில் ‘ஆர்டினரி’. உசத்தி மைதாவில் ‘பெஸ்ட்’.

ஆவணி பிறந்ததும் மல்லாட்டைச் செடியில், மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே அதில், கம்பளிப் பூச்சி விழுந்தது. சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் பூச்சி மருந்து கேட்டுக் கடைகடையாக அலைந்தார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் காகிதச் சாக்கில் வெள்ளைத் தூள் கொண்டுவந்து இறக்கினான். “இது பெஸ்ட்டுக்குப் போடறது செட்டியாரே. பெஸ்ட்னா பூச்சி” என்றான். செட்டியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“பெஸ்ட்னா உசத்தின்னு இல்ல சொன்னாங்க?”

“அது வேற, இது வேற. எழுத்து வேற.”

அது வேறு, இது வேறு என்பதை அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். சாக்கு அடியில் கிழிந்து தூள் சிந்தியது. காலியாகக் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னில் அதைக் கொட்டி, மூடி, சீட்டு ஒட்டி, ‘பெஸ்ட்’ என்று எழுதிப் பின்கட்டு அறையில் வைத்தார். அவர் பெண்சாதி சாரதா எட்டிப் பார்த்து, “பூச்சி மருந்துன்னு தமிழ்ல எழுதினா இன்னா?” என்றாள். “அவ்ளோ நீட்டி எழுதச் சீட்டுல எடம் ஏது?” என்றார். இடம் இருந்தது. அந்தச் சீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகையே எழுதியிருக்கலாம்.

நாலு நாள் கழித்துத் தொண்டூரில் ஒரு காட்டில் மல்லாட்டை விளைச்சலைப் பார்க்கக் காலையிலேயே கிளம்பினார். கடையில் சாரதாவை உட்கார வைத்து, “நல்ல மைதா யாராவது கேட்டா பெஸ்ட் டின்னுலேர்ந்து எடுத்துக் குடு” என்று சொல்லிவிட்டுப் போனார். உசத்தி மைதா முந்தின நாளே தீர்ந்துவிட்டது. அது அவருக்கு மறந்துபோனது.

திரும்பி வரும்போது உச்சிப்பொழுது ஆகிவிட்டது. தராசுத் தட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை முதலில் அவர் கவனிக்கவில்லை. துடைக்கத் துணியை எடுத்துப் பக்கத்தில் குனிந்தபோதுதான் பூச்சி மருந்து நெடி லேசாக மூக்கில் ஏறியது. பின்கட்டுக்கு ஓடினார். பிஸ்கட் டின் திறந்திருந்தது. உள்ளே அலுமினியக் கரண்டி செருகியிருந்தது.

“சாரதா, இந்த டின்னுலேர்ந்து யாருக்காவது எடுத்துக் குட்த்தியா?”

“முன்னாடி டின்னு காலி. நீங்கதான பெஸ்ட்ல எடுன்னீங்க. உள்ள பாத்தேன், பெஸ்ட்னு போட்டிருந்துச்சி. ரெண்டு கிலோ போட்டேன்.”

செட்டியார் கரண்டியை உருவி எறிந்துவிட்டு டின்னை அழுத்தி மூடினார்.

“யாருக்கு?”

“வல்லத்துக்கார அம்மா ஒண்ணு. இன்னிக்கு அவங்க பொண்ணப் பாக்க வராங்களாம், போளி தட்டணும்னு சொன்னாங்க. இன்னாங்க, ஏன் இப்படி வேர்க்குது?”

சொன்னார். சாரதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவளுக்குத்தான் முதலில் புத்தி வேலை செய்தது. “தபாலாபீசுக்கு ஓடுங்க. வல்லத்துல பிளாக் ஆபீசுல போன் இருக்குதாம். போன் போட்டுச் சொல்லுங்க, அவங்க ஆளனுப்பிச் சொல்லிடுவாங்க.”

“போன்லயா? இங்க தபாலாபீசுல பத்து பேரு நிப்பான். அங்க பிளாக் ஆபீசு பூரா கேக்கும். கடைய மூடிட வேண்டியதுதான். போலீசு வரும் சாரதா.”

“உசுருங்க அது.”

“நானே போறேன். பஸ்ஸவிடச் சீக்கிரம் போய்ச் சேருவேன்.”

பஸ் போய்க் கால் மணி ஆகியிருந்தது, அடுத்தது மூன்று மணிக்கு. வாடகை சைக்கிள் கடையில் ஒரு சைக்கிளைப் பிடுங்காத குறையாக எடுத்தார். எதிர்க்கடையில் இரண்டு கிலோ நல்ல மைதா வாங்கிக் காரியரில் கட்டிக்கொண்டார். யோசனை அதற்குள் தயாராகிவிட்டது அவருக்கு. மாவு பழசாகிவிட்டது, இது புதுசு, அதைக் கொடுங்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாற்றிவிட வேண்டியது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. விஷம் என்ற பேச்சே எழாது. பயந்தவனுக்கு இப்படிப்பட்ட யோசனையெல்லாம் நொடியில் வந்துவிடும்.

ஐம்பது வயது, தொந்தி, வெயில். திண்டிவனம் ரோட்டில் சைக்கிள் மிதிக்க மிதிக்க அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. எதிரே வைக்கோல் வண்டி வந்தால், மேலே யாரையோ படுக்க வைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று நெஞ்சு நின்றது. ஒரு சேரியைத் தாண்டும்போது பறைச் சத்தம் கேட்டது. சைக்கிளை நிறுத்தி, “யாருக்கு இன்னா ஆச்சி?” என்று ஒரு பெண்ணைக் கேட்டார். “மாரியாத்தா திருவிழாவுக்குச் சாட்டறாங்க” என்றாள் அவள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு இடத்தில் செயின் கழன்றது. கையெல்லாம் கருப்பு எண்ணெய். போளிக்கு முதலில் பருப்பு வேக வேண்டும், பூரணம் அரைக்க வேண்டும், மாவு ஊற வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கணக்கு முடிகிற இடத்தில் யாரோ ஒரு குழந்தை அடுப்படியில் வந்து கையை நீட்டியது. இதோ திரும்பிப் போய் போன் பண்ணிவிடலாம் என்று பாதி வழியில் தோன்றியது. பாதி வழி வந்தாகிவிட்டது என்று மறுபடியும் மிதித்தார்.

வல்லத்து டீக்கடையில், “இன்னிக்குப் பொண்ணு பாக்க வர்ற வூடு எது?” என்று கேட்டார். வேட்டி, மேல் துண்டு, காரியரில் பொட்டலம். கடைக்காரன் அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று எடுத்துக்கொண்டு, “பச்சமுத்து வூடுங்களா? உங்க ஆளுங்க அப்பவே போயிட்டாங்களே” என்று தெருமுனை வரைக்கும் கூடவே வந்து காட்டினான்.

மாப்பிள்ளை வீட்டார் பனமலையிலிருந்து வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அரிகிருஷ்ணன், அவன் தகப்பன் தனகோட்டி, இரண்டு பெண்கள். வாசலிலேயே பெண்ணின் தகப்பன் பச்சமுத்து கும்பிட்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, “வாங்க, வாங்க, ஏன் இவ்ளோ நேரம்?” என்று கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனான். தனகோட்டி அவரைப் பெண் வீட்டுக்காரர் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார். பச்சமுத்து அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைத்து வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினான். இரண்டு பக்கமும் அவருக்கு மரியாதை நடந்தது. சமையல்கட்டிலிருந்து நெய்யில் போளி வேகிற வாசனை வந்தது.

அந்த நொடியே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று ஒரே ஒரு வார்த்தை. அவர் வாய் திறந்தது, பார்வை தனகோட்டி மேலும் அந்தப் பெண்கள் மேலும் போனது. செஞ்சி வழியாகத்தான் இவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றியது. வாய் மூடிக்கொண்டது. “வூட்டம்மாவக் கொஞ்சம் பாக்கணும்” என்று மட்டும் பச்சமுத்துவிடம் சொன்னார்.

அம்மாக்கண்ணு முந்தானையில் கை துடைத்தபடி நடை ஓரத்துக்கு வந்தாள். செட்டியாரை அவளுக்கு முகம் தெரியும். “நீங்களா? கடைய வுட்டுட்டு இங்க எங்க செட்டியாரே?”

“காலையில வாங்கின மைதா இருக்குது பாருங்கம்மா,” குரலை இறக்கிக்கொண்டார், “அது பழசு. எங்க வூட்ல தெரியாம குட்த்துட்டா. இது புது மாவு. அத எடுத்துக்கினு போயிடறேன்.”

“பழசா? வூட்ல இருந்த மாவோட சேத்துப் பிசைஞ்சி ஊற வெச்சி அஞ்சாறு போட்டும் எடுத்துட்டேனே. நல்லாத்தான் இருக்குது.”

“வேணாம்மா. கசக்கும்.”

“மெதுவாப் பேசுங்க, அவங்க காதுல வுழப் போவுது.” அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது பலகாரம் கசக்கும் என்றால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது? சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “ரஞ்சிதம், அதுல ஒண்ணு பிட்டு வாயில போட்டுப் பாரு. கசக்குதாம். கசக்குதா சொல்லு” என்றாள்.

பட்டுப் பாவாடையும் தாவணியும் கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்து, அடுப்புப் புகையில் கண் கலங்கி ஒரு பெண் நின்றிருந்தாள். தட்டிலிருந்து ஒரு போளியை எடுத்தாள். பாதியைப் பிட்டு வாயில் வைத்தாள்.

அந்தப் பெண்ணை அதுவரை அவர் பார்த்ததில்லை. அவள் தாடை ஒரு தடவை அசைந்ததைப் பார்த்தார். இரண்டாவது தடவை அசைந்ததையும் பார்த்தார். பிறகு என்ன செய்தோம் என்று அவருக்கு நினைவில்லை. சமையல்கட்டுக்குள் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டு, கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்து, “துப்பும்மா, துப்பு, அது விஷம், பூச்சி மருந்து” என்று கத்தினார். எண்ணெய்ப் பிசுக்குக் கையின் கருப்பு அவள் தாவணியெல்லாம் அப்பியது. பச்சமுத்து ஓடி வந்து அவர் பிடரியில் ஒன்று வைத்தான். அடி வாங்கிக்கொண்டே, “உப்புத் தண்ணி குடுங்க, வாந்தி எடுக்க வையுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு வாய் உள்ளே போயிருந்தது. உப்பைக் கரைத்துக் கொடுத்தார்கள், அவள் வாந்தி எடுத்தாள். பச்சமுத்துவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் வெளியே போனார்கள், பின்னால் மற்றவர்களும் போனார்கள். போகும்போது, “பொண்ணு பாக்க வந்த எடத்துல விஷமா, சாமி காப்பாத்துச்சி” என்று யாரோ சொன்னது தெருவுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் செட்டியார் குந்தியிருந்தார். உள்ளே போகப் பயம், ஓடிப்போகவும் பயம். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் சேதி வந்துவிட்டது என்று காதைப் பொத்திக்கொண்டார். சாகப் போகிறாள், நான்தான் கொன்றேன், சாரதா சொன்னாளே, போன் பண்ணியிருந்தால் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள் என்று திரும்பத் திரும்ப அதுவே ஓடியது. எந்தச் சாமியிடமும் எதையும் நேர்ந்துகொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

கடைசியில் அம்மாக்கண்ணு வெளியே வந்தாள்.

“பொழைச்சிக்குவாளாம். முக்காவாசி துப்பிட்டா. பொழுது சாயற வரைக்கும் வெச்சிப் பாக்கணுமாம்.”

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவள் அதைப் பார்க்காததுபோல நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும். வாசல்ல கால் கழுவினீங்களே, அப்பவே தெரியுமா அது விஷம்னு?”

“தெரியும்மா.”

“ஜமுக்காளத்துல ஒக்காந்திருந்தப்ப?”

“தெரியும்.”

“எங்கிட்டப் பழசுன்னு சொன்னப்ப?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பயந்துட்டேன்மா. கடைப் பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன்.”

“நாந்தான் அவள வாயில போட்டுப் பாருன்னேன்” என்றாள் அம்மாக்கண்ணு. “பெத்தவ நானு. என் வாயாலயே சொன்னேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பனா?” அவள் குரல் அங்கேதான் உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, “அவங்க பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. பொண்ணு வூட்ல விஷம் வெச்சாங்கன்னு ஊர் ஊராப் போயிச் சொல்லுவாங்க. இவள யாரு கட்டுவான்? இன்னா நடந்துச்சின்னு நீங்க போயிச் சொல்லுங்க” என்றாள்.

பஸ் நிற்கிற இடத்தில் சந்தைக்குப் போகிறவர்களும் சேர்ந்து முப்பது பேர் இருந்தார்கள். செஞ்சி முகங்களே ஏழெட்டு. மூன்றரை மணி பஸ் வந்து நின்றிருந்தது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தனகோட்டி படியில் ஒரு காலை வைத்திருந்தார். எந்தப் பேச்சுக்குப் பயந்து செட்டியார் ஏழெட்டு மைல் சைக்கிள் மிதித்தாரோ அந்தப் பேச்சு, சொல்லக் கூடாத இடத்திலேயே வந்து நின்றது.

“ஐயா, அந்த வூட்டுப் பேர்ல ஒரு தப்பும் இல்ல” என்றார். குரல் எழும்பவில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, “இன்னா சொல்றாரு?” என்றார்கள். இன்னும் உரக்கச் சொன்னார். “நான் செஞ்சி பூவராகவன். மளிகைக் கடை. மைதாவுன்னு பூச்சி மருந்தக் குட்த்தது என் கடைதான். மாவு டின்னுலயும் பெஸ்ட்னு எழுதினேன், மருந்து டின்னுலயும் பெஸ்ட்னு எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு எழுதினேன். இங்க வந்தப்புறமும் விஷம்னு சொல்லாம ஒக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு வாயில போட்டப்புறந்தான் சொன்னேன்.”

தனகோட்டி அவரை ஏற இறங்கப் பார்த்து, “உன்ன இன்னா சொல்லித் திட்றதுன்னே தெரியல” என்றார்.

பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அரிகிருஷ்ணன் எழுந்து படிக்கு வந்தான். “அந்தப் பொண்ணு எப்படி இருக்குது?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை அத்தனை பேரில் அவன் ஒருவன்தான் கேட்டான்.

“பொழைச்சிடுமாம் தம்பி. ஆஸ்பத்திரியில இருக்குது.”

“நைனா, நீங்க போங்க. நான் பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான். தனகோட்டி கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, பெண்களையும் இறங்கச் சொல்லி அவரும் இறங்கினார்.

“செட்டியாரே, ஊருக்குத்தான? ஏறுங்க. சைக்கிள மேல போட்டுக்கலாம்” என்றான் கண்டக்டர். அவனுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. உள்ளே இருந்த செஞ்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்திருந்தார்கள். பஸ் அவர் கடைக்கு எதிரில்தான் நிற்கும். சாரதா வாசலிலேயே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நீங்க போங்க” என்றார் செட்டியார். “எங்க வூட்ல பாத்தீங்கன்னா, பொண்ணு உசுரோட இருக்குதுன்னு சொல்லிடுங்க. மத்தத நீங்களே சொல்லிடுவீங்க.”

பஸ் கிளம்பிப் போனது. பூவராகவன் செட்டியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அந்த இளைஞன் போன வழியே மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.